ராஜம்மாள் பந்தலில் பொறுக்கிய மாப்பிள்ளை

குடியாத்தத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வருஷா வருஷம் ராம நவமிக்குப் பத்து நாள் கச்சேரி நடக்கும். அந்தப் பத்து நாளும் பாவு வேலை நின்றுபோய், நூல் விரிக்கிற இடத்தில் பந்தலும் ஜமுக்காளமும் வந்துவிடும். ஜமுக்காளத்தின் முதல் வரிசையில் உட்காருகிறவர்களுக்கு ரசிகர்கள் என்று பெயர். அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ராஜம்மாளைக் கேட்டால் வேறொரு பெயர் சொல்வாள். அதை இங்கே எழுத முடியாது.

ராஜம்மாள் காவேரிப்பாக்கத்துப் பெண். அவளுடைய அப்பா தறி நெய்தவர்தான். ஆனால் சனிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். பல் துலக்கும்போதுகூட ஏதாவது ஒரு ராகத்தை முனகிக்கொண்டே துலக்குவார். அதனால் அவளுக்குப் பத்து வயதிலேயே கல்யாணி எது, காம்போதி எது என்று காது பிரித்துச் சொல்லும். 1931இல், பதினைந்து வயதில், அந்தக் காதோடு குடியாத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாப்பிள்ளை ஜம்புலிங்கம். ஆறு தறி, லுங்கி வியாபாரம், உற்சவக் கமிட்டியில் மெம்பர், முதல் வரிசையில் மூன்றாவது இடம். 'சங்கீதம் தெரிந்த குடும்பம்' என்று அப்பா பெருமைப்பட்டுக் கொடுத்தார்.

பாவம், அப்பா. ஜம்புலிங்கத்துக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. தலையை எப்போது ஆட்டவேண்டும் என்பது மட்டும் தெரியும்: பக்கத்தில் இருப்பவர் ஆட்டும்போது. மற்ற நேரமெல்லாம் மூக்குக்குத்தான் வேலை. பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் மடியிலிருந்து வெள்ளி டப்பாவை எடுப்பார். இரண்டு தட்டு தட்டி, ஒரு சிட்டிகை பொடி எடுத்து, விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஏதோ பெரிய யோசனையில் இருப்பவரைப் போலக் கண்ணை மூடுவார். அப்புறம் சர்ரென்று ஒரு இழுப்பு. டப்பா வரிசை நெடுகப் போகும். ஆலாபனை உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து வரிசையாகத் தும்முவார்கள். மேடையில் இருக்கிறவர் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிடுவார், வேறென்ன செய்வார்?

அந்தப் பத்து நாள் கைக்குட்டைகளை ராஜம்மாள் தனிச் சட்டியில் போட்டு வேகவைப்பாள். சமையல் பாத்திரத்தோடு அந்தச் சட்டி சேராது. இருபத்திரண்டு வருஷம் வேகவைத்திருக்கிறாள்.

பொடி போடுகிறவர்களாவது பந்தலுக்குள் இருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் ஒரு தட்டி மறைவு உண்டு. அங்கே 'இலை' கோஷ்டி. கஞ்சா என்று சொல்லமாட்டார்கள், இலை என்பார்கள், ஏதோ துளசி மாதிரி. சிலும்பிக் குழாய் கை மாறிக்கொண்டே இருக்கும். "இத்த ஒரு இழுப்பு இழுத்தாத்தான் சுருதி உள்ள எறங்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வேதம் சொல்கிற தோரணை! சுருதி இறங்கினதோ இல்லையோ, அப்படியே ஆடி ஆடி வந்து உட்கார்ந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு ஒருவன் மட்டும் தட்டிக்கொண்டிருப்பான். மதுவிலக்கு வந்தபின் இந்தக் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. உற்சவத்தின் முதல் நாள் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து, நம் ஜில்லாவில் குடிகாரர் என்று ஒருவர்கூட இல்லாமல் போனதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். முதல் வரிசை பலமாகக் கைதட்டும். வாயைத் திறந்து வாழ்த்துச் சொல்ல முடியாது, வாயெல்லாம் புகையிலை.

ஜம்புலிங்கமும் எப்போதாவது தட்டிக்குப் பின்னால் போவார். 1935 உற்சவத்தில் ஏழாம் நாள் ராஜம்மாளுக்கு வலி எடுத்தது. பந்தலுக்கு ஆள் அனுப்பினார்கள். "ராகம் முடியட்டும்" என்றார் அவர். ராகம் முடிந்தது, இலையும் முடிந்தது, கடைசியில் மங்களமும் முடிந்தது. சிவந்த கண்ணோடு வந்து நின்று, "இன்னா கொழந்தை?" என்று கேட்டார். பெண் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இன்னா கொழந்தை?" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது ராஜம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்தான் சாவித்திரி. அன்றைக்கே ராஜம்மாள் முடிவு கட்டிவிட்டாள், இவளை இந்த மாதிரி ஒரு மூக்கிடமோ வாயிடமோ கொடுப்பதில்லை என்று. ராஜம்மாள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அதற்கான படிப்பையும் படித்திருந்தாள். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு கயிறுதான். பக்கவாட்டில் உட்கார்ந்தால் முதல் வரிசை முழுக்கத் தெரியும். காதைப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணால் அந்த வரிசையை மேய்வாள். எவன் எந்தக் கன்னத்தில் புகையிலை அடக்கியிருக்கிறான், எவன் பீடிக்காகக் காலை மாற்றிப் போட்டுத் தவிக்கிறான், எவன் நாலாவது டம்ளர் பானகம் குடிக்கிறான் என்று பார்த்துப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லுவாள். பந்தல் வாசலில் வெற்றிலை பாக்குக் கடை போடும் ரங்கம்மாளிடம் போய் விசாரித்தால் ராஜம்மாள் சொன்னது சொன்னபடி இருக்கும். தெருவில் அவளுக்கு இதில் பெரிய பேர். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வந்துவிட்டால், பிடிக்காதபோது சொல்ல வாய் கூசும். அதனால் முதலில் உற்சவப் பந்தலுக்கு வருவார்கள். தற்செயலாகக் கச்சேரிக்கு வந்தமாதிரி பையன் அந்தப் பக்கம், பெண் இந்தப் பக்கம். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் பாட்டுக் கேட்டோம், போனோம், அவ்வளவுதான். சாவித்திரியைப் பார்க்க வந்தவர்களை ராஜம்மாள்தான் பார்த்தாள்.

1952இல் ஆம்பூர் தோல் மண்டியிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தான். வர்ணம் முடிவதற்குள் ஜம்புலிங்கத்தின் டப்பாவில் கை விட்டான். மாமனாரும் மருமகனும் சேர்ந்தாற்போல மூக்கைத் துடைத்தார்கள். ஜம்புலிங்கத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "இன்னா பதவிசா எடுக்கிறான் பாத்தியாடி? ஒரு துளி கீழ சிந்தல" என்றார்.

"சிந்தற எடத்துல நான் ஒருத்தி போதும். எம் பொண்ணு வேற தொடைக்கணுமா?" என்று கேட்டு அந்த வரனைத் தட்டிக் கழித்தாள்.

அதே உற்சவத்தில் வேலூர் ஜவுளிக்கடைக்காரர் மகன். வாய் சுத்தம், மூக்கு சுத்தம். ராகத்துக்கு நடுவில், யாரும் ஒன்றும் சொல்லாமலே, தனக்குத்தானே சிரித்தான். "இலை" என்று சொல்லி எழுந்துவிட்டாள் ராஜம்மாள்.

1953இல் கோதண்டபாணி வந்தான். அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை, இருபத்தாறு வயது. தாயார் செல்லம்மாள் காவேரிப்பாக்கத்துக்காரி என்பதால் ராஜம்மாளுக்குத் தூரத்து உறவும்கூட. சலவை வேட்டி, சலவைச் சட்டை. முதல் வரிசையில் ஜம்புலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். டப்பா நீண்டது. பையன் கையைக் கூப்பி வேண்டாம் என்றான். வெற்றிலைத் தட்டு வந்தது. வேண்டாம். தட்டி மறைவிலிருந்து ஒருவன் வந்து காதில் ஏதோ சொன்னான். அதற்கும் தலையசைத்து வேண்டாம் என்றான்.

அப்புறம் அவன் அசையவே இல்லை. மூன்றரை மணி நேரம். மைக் வீலென்று கத்தியபோது முதல் வரிசை மொத்தமும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தது, இவன் கண் இமைக்கவில்லை. சுற்றிலும் தும்மினார்கள், துப்பினார்கள், இலை கோஷ்டி கெக்கெக்கென்று சிரித்தது. இவன் பாதி மூடிய கண்ணோடு அப்படியே இருந்தான். இரண்டு தடவை மூக்கு நுனியை மெதுவாகச் சொறிந்துகொண்டான், அவ்வளவுதான். ராஜம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வரிசையில் பாட்டுக் கேட்கிற ஒரு மனிதனை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

அப்போதும் தன் வழக்கத்தை விடவில்லை. ரங்கம்மாளிடம் போனாள்.

"அந்த சலவைச் சட்டை உங்கிட்ட இன்னா வாங்குச்சு?"

"ஒண்ணும் வாங்கலக்கா. பொயலை இல்ல, பீடி இல்ல, சோடாகூட இல்ல. ஒரே ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிச்சு" என்றாள் ரங்கம்மாள். "கொழந்தைப் புள்ள மாதிரி அங்கியே வாயில போட்டுக்கிச்சு."

கல்கண்டு! ராஜம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

ஜம்புலிங்கம் மட்டும் முகத்தைச் சுளித்தார். "எனக்கு மனசு ஒப்பலடி. அத்தினி நேரத்துல ஒரு தபா தலை ஆடல. பாட்டு கேக்கிற மனுசன் அப்டியா இருப்பான்? பக்கத்துல பொணத்த வெச்சிக்கினு உக்காந்தாப்பல இருந்துச்சு."

"ஆடற தலையைத்தான் நான் கட்டிக்கினேனே, போதாதா?" என்றாள் ராஜம்மாள். "உங்க பொடியைத் தொடல, அதான் உங்களுக்கு ஆத்திரம்."

அது உண்மையும்தான். அவருடைய ஆட்சேபத்துக்கு அவருக்கே வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. சாவித்திரியை யாரும் கேட்கவில்லை. அம்மா பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் இருந்தாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகு ராஜம்மாள் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை புராணம்தான். குழாயடியில் ஒருத்தி புருஷனைப் பற்றிப் புலம்பினால், "எம் மருமகனுக்கு ஒரு பாக்குத்தூள் பழக்கம் கெடையாது" என்று ஆரம்பிப்பாள். கேட்கிறவளின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி, அதை மறைக்கவும் மாட்டாள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து மூன்று நாளும் தூங்கினார். ரயில்வேயில் ஓய்வே கிடையாது, பாவம் என்றாள். அதிரசத்தையும் லட்டையும் மட்டும் தட்டு தட்டாகச் சாப்பிட்டார். மனுஷனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது என்றாள். சாவித்திரி இளைத்துப்போயிருந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அடக்கமான வீட்டில் வாழ்கிற பெண் அப்படித்தான் இருப்பாள் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

அடுத்த பங்குனியில் உற்சவத்துக்கு இருவரையும் அழைத்தாள். கச்சேரியைவிட, அந்த வரிசையில் தன் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்கவேண்டும், அதுதான் அவளுக்கு முக்கியம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். பாடகர் தோடியை விஸ்தாரமாக எடுத்திருந்தார். கோதண்டபாணி போன வருஷம் போலவே கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். ராஜம்மாள் பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டி, "பாத்தியா? அசைவு இருக்கா பாரு" என்று காட்டினாள். மாப்பிள்ளைக்கு அடுத்து இலை கோஷ்டி ஆள் ஒருவன். தட்டி மறைவு வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, பீடியை உள்ளங்கைக்குள் ஒளித்து அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தான். அதன் நெருப்பு உதிர்ந்து மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பில் விழுந்தது.

முதலில் பார்த்தது ராஜம்மாள்தான். மடியிலிருந்து மெல்லியதாக ஒரு புகை எழுந்தது. இதோ தட்டிவிடுவார் என்று நினைத்தாள். அவர் தட்டவில்லை. வேட்டியில் கருப்பாக ஒரு வட்டம் விரிந்தது. துணி பொசுங்குகிற நாற்றம் பெண்கள் பக்கம் வரைக்கும் வந்தது. "ஐயோ, நெருப்பு!" என்று அவள் கத்தினாள். இலை போட்டிருந்த இரண்டு பேர் அதைப் பாராட்டுக் குரல் என்று நினைத்து, "பலே, பலே!" என்று தலையாட்டினார்கள். மாப்பிள்ளை தோடியைக் கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது எதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

ஜம்புலிங்கம்தான் பாய்ந்தார். அந்தப் பொடி மூக்கர், டப்பாவை எறிந்துவிட்டு வெறும் கையால் நெருப்பை அடித்தார். அதற்குள் சாவித்திரி எழுந்திருந்தாள். அவள் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். நெருப்பின் மேல் தண்ணீரை ஊற்றினாள். கட்டை விரலால் புருஷனுடைய இமையைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கடியில் புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அவருடைய இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே மிளகு மிளகாகக் கருப்பு உருண்டைகள். எண்ணிப் பார்த்து மூடினாள்.

"ஒண்ணும் ஆவாதுப்பா" என்றாள். "அபினு. இன்னிக்கு ஒரு உருண்டை ஜாஸ்தியாப் போட்டுக்கினாரு. சர்க்கரை இல்லாம கடுங்காப்பி ஒரு டம்ளர் வாங்கியாங்க."

ஈர வேட்டியை அவள் விலக்கியபோது தொடையில் புதுக் கொப்புளம் தெரிந்தது. அதைச் சுற்றி ஆறிப்போன பழைய தீத்தழும்புகள் நாலைந்து. ஜம்புலிங்கம் அதைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். "அதெல்லாம் பழசு" என்றாள் சாவித்திரி.

காப்பி கொடுத்து, இரண்டு பேர் தாங்கிக்கொண்டுபோய் வீட்டில் படுக்கவைத்தார்கள். பந்தலில் தோடி நிற்கவில்லை. ஜம்புலிங்கம் உள்ளங்கைத் தீப்புண்ணில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் ஒருமுறை அவர் சொன்னது சரியாகப் போயிருந்தது. அதைச் சொல்லிக்காட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அடுப்படியில் ராஜம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி நாளாடி இது?"

"அவருக்கு சின்ன வயசுலேர்ந்து. வயித்து வலின்னு அவங்கம்மாதான் கடுகளவு குடுத்துப் பழக்கி இருக்காங்க. கல்யாணமான மூணாம் நாளு எனக்குத் தெரியும். கச்சேரி, கல்யாணம், எங்க போறதா இருந்தாலும் ரெண்டு முழுங்கிட்டுதான் கெளம்புவாரு. அப்புறம் வாய்க்கு இனிப்பு கேட்டுக்கினே இருக்கும்."

"அடிப்பாவி, எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லி இருக்கக் கூடாதா?"

சாவித்திரி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாத பார்வை அது.

"உனக்கு இன்னாம்மா சொல்றது? அத்தினி பேர் மூஞ்சியைப் பாத்து பொடி, பொயலை, இலைன்னு பிரிச்சு சொல்றவ நீ. உனக்குத் தெரியாததா? நீ தெரிஞ்சுதான் குடுத்தேன்னு நெனச்சிக்கினேன். அடிக்க மாட்டாரு, சத்தம் போட மாட்டாரு, ஒரு மூலையில கெடப்பாரு. மத்த ஆம்பிளைங்களுக்கு இது எவ்வளவோ மேலுன்னு நீ பாத்துப் பொறுக்கினேன்னு. அப்படி நெனச்சிக்கினுதாம்மா நான் ஓட்டிக்கினு இருக்கேன்."

ராஜம்மாள் வாயைத் திறந்தாள். தெரியாது என்று சொல்லவேண்டும். எனக்குத் தெரியாதுடி, ஏமாந்துபோனேன், உன்னைப் பாழாக்கிவிட்டேன் என்று சொல்லவேண்டும். அதற்காகத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் குழாயடி ஞாபகம் வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்களின் முகங்கள் ஞாபகம் வந்தன. எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்!

"ஆமாண்டி" என்றாள். "இருக்கிறதுல இதான் தேவலாம்னுதான் பாத்தேன்."

சாவித்திரி அதை நம்பினாள். "அதான்" என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.